முடியும் முடிவும்: அனிமே கதைகளை ஹாலிவுட் படமாக்குதல் குறித்த ஓர் ஆய்வு

1. ஆய்வின் தேவை

ஜப்பானிய அனிமே ஒன்றை நிஜ நடிகர்களை வைத்துப் படமெடுக்கப் போவதாக ஹாலிவுட் அறிவித்த மாத்திரத்தில், ரசிகர் நெஞ்சில் இரண்டு எண்ணங்கள் ஒருசேர எழுகின்றன. ஒன்று, ‘கெடுக்கப் போகிறார்கள்’. மற்றது, ‘ஒருவேளை கெடுக்காமல் விட்டுவிட்டால்?’ இவற்றுள் எது முந்தியது, எது பிந்தியது என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. இல்லாவிட்டால் அவர்கள் அறிஞர்கள் அல்லர். இத்துறையில் தமிழில் இதுவரை எவரும் கைவைக்கவில்லை என்று யாம் துணிந்து கூறுவோம். தேடிப் பார்த்திருந்தால் இவ்வளவு துணிவு வந்திராது.

2. ஆய்வின் எல்லை

ஜப்பானியர் தாமே எடுத்த லைவ் ஆக்‌ஷன் படங்கள் விலக்கப்பட்டன. 2006இன் ‘டெத் நோட்’, 2012இன் ‘ரூரோனி கென்ஷின்’ போன்றவை நன்றாகவே அமைந்து எம் கருதுகோளுக்கு இடைஞ்சல் செய்கின்றன. இடைஞ்சலான தரவை எல்லைக்கு வெளியே நிறுத்துவது ஆய்வு மரபு.

டாம் குரூஸ் நடித்த ‘எட்ஜ் ஆஃப் டுமாரோ’ (2014) விலக்கப்பட்டது. அதன் மூலம் ஹிரோஷி சகுராசகாவின் நாவல், அனிமே அன்று. மேலும் பார்த்தவர்கள் பெரிதாகக் குறை சொல்லவில்லை. குறையில்லாத இடத்தில் ஆய்வாளருக்கு என்ன வேலை?

‘தி லாஸ்ட் ஏர்பெண்டர்’ (2010) சிக்கலானது. அதன் மூலம் அமெரிக்கக் கார்ட்டூன்; ஆகவே அனிமே அன்று என்பர் ஒரு சாரார். வரைந்த பாணியால் அனிமேயே என்பர் மறுசாரார். படம் மோசம் என்பதில் மட்டும் இருசாராரும் ஒரே சாரார். இயக்குநர் நைட் ஷியாமளன் புதுச்சேரியைச் சேர்ந்த மாஹேயில் பிறந்தவர். நம்மவர் என்று கொண்டாடவும் முடியாமல், விலக்கவும் மனமில்லாமல் அதை அடிக்குறிப்பில் வைத்தோம். அடிக்குறிப்புக்கு இடமில்லாததால் இங்கே வைத்தோம்.

3. ரசிகர் வகை

அ. நம்புவோர். இவர்கள் புதியவர்கள்.

ஆ. ஐயுறுவோர். இவர்கள் பழைய நம்புவோர்.

இ. மூலவாதியர். மாங்கா எனும் ஜப்பானியப் படக்கதையே முதல்நூல், அனிமே அதன் வழிநூல், ஹாலிவுட் படம் வழுநூல் என்போர்.

ஈ. பாராது பழிப்போர். ட்ரெய்லரின் முதல் காட்சியிலேயே தீர்ப்பெழுதி முடிப்பவர். நூலைப் பிரிக்காமலே மதிப்புரை எழுதும் வழக்கம் எம் துறையிலும் இருப்பதால் இவர்களைக் குறைசொல்ல யாம் முற்படோம்.

உ. ஆள் தேர்வோர். எவரும் கேட்காமலே நடிகர் பட்டியல் வைத்திருப்பவர். பட்டியலில் உள்ளவருக்கு வயது ஏறிப்போனாலும் பட்டியல் மாறாது.

ஊ. பிறர்.

4. திணைப் பகுப்பு

எதையும் திணையில் அடக்காத ஆய்வு தமிழில் ஆய்வே ஆகாது. ஆகவே அடக்குகிறோம்.

குறிஞ்சி: உரிமை வாங்கிய செய்தி வந்த நாள். படம் இன்னும் எடுக்கப்படாததால் அதில் ஒரு குறையும் இல்லை.

முல்லை: காத்திருத்தல். இதற்கு ‘அகிரா’ ஒன்றே போதும். கட்சுஹிரோ ஓட்டோமோவின் 1988 அனிமே, 2019ஆம் ஆண்டின் நியோ டோக்கியோவில் நடப்பது. வார்னர் பிரதர்ஸ் 2002இல் உரிமை வாங்கியது. இயக்குநர்கள் வந்தார்கள், போனார்கள். டைக்கா வைட்டிட்டி இயக்க, 2021 மே 21இல் வெளியீடு என்று நாள்கூடக் குறித்தார்கள். பிறகு அதுவும் போயிற்று. 2025இல் உரிமை ஜப்பானியப் பதிப்பகமான கோடான்ஷாவிடமே திரும்பியது. எதிர்காலக் கதையாக வாங்கியது கையில் இருக்கும்போதே சரித்திரக் கதையாகிவிட்டது. இந்த ஒரு படத்தைப் பற்றி மட்டும் ரசிகர் எவரும் குறை சொல்ல முடியாது.

மருதம்: ஊடல். நடிகர் அறிவிப்பு நாள். ‘கோஸ்ட் இன் தி ஷெல்’ (2017) படத்தில் ஜப்பானியப் பாத்திரமான மோட்டோகோ குசனாகியாக அமெரிக்க நடிகை ஸ்கார்லெட் ஜோஹான்சன் என்றபோது எழுந்த ஊடல், படம் வந்து போன பிறகும் தணியவில்லை.

நெய்தல்: இரங்கல். வெளியீட்டு நாள்.

பாலை: பிரிவு. நெட்ஃபிளிக்ஸின் ‘கௌபாய் பிபாப்’ 2021 நவம்பர் 19இல் வந்தது; டிசம்பர் 9இல் கேன்சல். மூல அனிமேயின் இயக்குநர் ஷினிச்சிரோ வாடனாபே, தமக்கு அனுப்பப்பட்ட தொடக்கக் காட்சிக்கு மேல் தம்மால் பார்க்க முடியவில்லை என்று பின்னர் சொன்னார். தலைவன் வாயிலிலேயே திரும்பிப் போன பாலை இது.

பெருந்திணை: ‘அலிட்டா: பேட்டில் ஏஞ்சல்’ (2019) ரசிகர்கள் இரண்டாம் பாகம் கேட்டு, 2020இல் ஆஸ்கர் விழா நடக்கும் இடத்துக்கு மேலே விமானத்தில் பதாகை கட்டிப் பறக்கவிட்டனர். இது மடலேறுதல் என்பதில் ஐயமில்லை. பனைமடல் கிடைக்காத ஊரில் விமானம் ஏறினர்; அவ்வளவே வேறுபாடு.

5. முடியியல்

இனி இவ்வாய்வின் உயிர்நிலைக்கு வருவோம். படத்தைப் பற்றிய ரசிகரின் நம்பிக்கையும் ஐயமும் கதையால் அமைவன அல்ல, பட்ஜெட்டால் அமைவன அல்ல, தலைமுடியால் அமைவன. இதற்கு யாமே இயற்றிய சூத்திரம் வருமாறு:

முடிநிலை திரிந்தால் முகநிலை திரியும்;
முகநிலை திரிந்தால் முதலுக்கே மோசம்.

இஃது என் நுதலிற்றோ எனின், அனிமே மாந்தரின் முடி இயற்கைக்கு மாறானது என்பதும், அதைத் தொட்டவன் கெட்டான் என்பதும் உணர்த்துதல் நுதலிற்று.

விளக்கம்: ஒசாமு டெசுகா 1952இல் வரையத் தொடங்கிய ‘ஆட்டம்’ (Atom) என்னும் எந்திரச் சிறுவனை எடுத்துக்கொள்க. அவன் எந்தப் பக்கம் திரும்பினாலும் தலையில் உள்ள இரு கூர்முடிகளும் பார்ப்பவருக்குத் தெரிந்தே தீரும். ஒன்றை மற்றது மறைப்பதில்லை. பென்சிலுக்கு இது எளிது. மண்டையோடு உள்ள நடிகருக்கு முடியாது. ஹாலிவுட் மேக்கப் அறையின் துயரம் அனைத்தும் இந்த இரு முடிகளில் தொடங்குகிறது.

அடுத்து ‘டிராகன் பால்’. அகிரா டோரியாமாவின் கோகுவுக்குப் பனையோலைக் கொத்துபோல் நாற்புறமும் விரைத்து நிற்கும் கறுப்பு முடி. அவன் சூப்பர் சையன் என்னும் ஆற்றல்மிகு வடிவம் எடுக்கும்போது அது பொன்னிறமாகிறது. இதில் சூரிய வழிபாட்டின் எச்சம் காண்போரும், ரசவாத மரபு காண்போரும் இனித் தோன்றக்கூடும். டோரியாமா சொன்ன காரணம் வேறு: அந்த முடிக்குள் கறுப்பு மை நிரப்பியே உதவியாளருக்கு நேரமெல்லாம் போயிற்று, நிறம் மாற்றினால் மை நிரப்ப வேண்டாம். உலகமே சிலிர்த்த உருமாற்றம் ஒரு கைவலியில் பிறந்தது. கைவலியைக் கண்டுபிடிக்கும் ஆய்வுமுறை எதுவும் எம் பாடத்திட்டத்தில் இல்லை.

இந்த முடியை 2009இல் ‘டிராகன்பால் எவல்யூஷன்’ என்ன செய்தது? கோகு, சக மாணவர்களிடம் சிறுமைப்படும் அமெரிக்கப் பள்ளி மாணவன் ஆனான். முடி, ஜெல் தடவிய பையனின் முடியளவுக்குச் சுருங்கிற்று. அதே படத்தில் சோ யுன்-ஃபாட் நடித்த மாஸ்டர் ரோஷியைக் காண்க. மூலத்தில் அவர் வழுக்கைத் தலையும் வெண்தாடியும் உடைய கிழவர். படத்தில் தலை நிறையக் கறுப்பு முடி, தாடியைக் காணோம். ஆக, கோகுவிடம் குறைந்த முடி ரோஷியிடம் சேர்ந்திருக்கிறது. ஆற்றலைப் போலவே முடியும் ஆக்கவோ அழிக்கவோ இயலாதது. ஒரு பாத்திரத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்ற மட்டுமே இயலும். இதனை முடிப் பாதுகாப்பு விதி என்க.

தாடி முடியில் அடங்குமோ எனின், அடங்கும் என்பர் பழைய உரைகாரர் ஒருவர். அடங்காது என்பர் அவரை மறுத்த உரைகாரர். இருவரையும் மறுத்த மூன்றாமவரின் உரை நமக்கு முழுதாகக் கிட்டவில்லை. கரையான் தின்றதுபோக எஞ்சிய ஓர் ஓலையின் பின்புறத்தில், பால் கணக்குக்குக் கீழே, வேறு கையெழுத்தில், ‘மீசை பற்றி அவர் ஒன்றும் கூறாமை நோக்குக’ என்றுள்ளது. அது நான்காம் உரைகாரரின் கூற்றென்றும், பால்காரரின் கூற்றென்றும் இருவேறு கொள்கைகள் உள. முன்னதை நிறுவியவர் பதவி உயர்வு பெற்றார். பின்னதை நிறுவியவர் ஓய்வு பெற்றார். ஆகவே முன்னதே வலுவுடைத்து.

முடியியலின் கிளை கண்ணியல். அலிட்டாவின் கண்களை மாங்காவில் உள்ளபடியே பெரிதாக்க ஜேம்ஸ் கேமரூனின் குழு துணிந்தது. 2017 டிசம்பரில் முதல் ட்ரெய்லர் வந்ததும் கண் பயமுறுத்துகிறது என்ற கூச்சல். வேறு யாராயிருந்தாலும் கண்ணைச் சிறிதாக்கியிருப்பார்கள். இவர்களோ கருவிழியை இன்னும் பெரிதாக்கி, சுற்றிலும் தெரியும் வெண்மையைக் குறைத்தார்கள். கண் அழகாயிற்று. குறை சொன்னதற்கு எதிர்த்திசையில் போய் ஜெயித்தது இத்துறையில் அரிய நிகழ்வு.

6. மறுப்பும் சமாதானமும்

மறுப்பு ஒன்று: ‘கோஸ்ட் இன் தி ஷெல்’லில் முடி சரியாகத்தானே இருந்தது? மேஜர் குசனாகியின் கறுப்புக் குட்டை முடி, கட்டடத்திலிருந்து குதிக்கும் காட்சி, தண்ணீரில் நடக்கும் சண்டை என மமோரு ஓஷீயின் 1995 அனிமேயைப் பார்த்தே எடுத்திருந்தார்களே? பிறகு ஏன் ரசிகர் முகம் சுளித்தனர்?

மறுப்பு இரண்டு: வச்சோவ்ஸ்கிகளின் ‘ஸ்பீட் ரேசர்’ (2008) மூலத்தின் மிட்டாய் நிறங்களை ஒன்று விடாமல் திரைக்குக் கொண்டுவந்தது. சுமார் 12 கோடி டாலர் செலவழித்து, உலகம் முழுவதும் 10 கோடிகூட வசூலாகவில்லையே?

மறுப்பு மூன்று: நெட்ஃபிளிக்ஸின் ‘ஒன் பீஸ்’ (2023) தொடரில் உசோப்பின் நீண்ட மூக்கு இல்லை. சாஞ்சியின் சுருள் புருவம் முதல் சீசனில் இல்லை. புருவமும் முடியே. அப்படியிருந்தும் தொடர் வென்றதே? இரண்டே வாரத்தில் இரண்டாம் சீசன் உறுதியானதே?

மூன்று மறுப்புகளும் எம் சூத்திரத்தை வேரோடு சாய்ப்பன. ஆயினும் கட்டுரை இவ்வளவு தூரம் வந்துவிட்டதால் சூத்திரத்தைக் கைவிட இயலாது. சூத்திரத்தை அப்படியே வைத்து உரையை மாற்றுவதே முன்னோர் காட்டிய வழி. மாற்றிய உரை வருமாறு.

‘ஒன் பீஸ்’ தொடரில் கதைமாந்தர் நத்தையை எடுத்து போன் பேசுகிறார்கள். டென் டென் முஷி என்பது அதன் பெயர். கண்ணைச் சிமிட்டும் நத்தையை ஒரு கடற்படை அதிகாரி கையில் பிடித்துக்கொண்டு ஆணையிடுகிறார். திரையில் ஒருவரும் சிரிப்பதில்லை. ‘இது என்ன கூத்து’ என்று கண்ணடிப்பதில்லை. ஸோரோவுக்குப் பச்சை முடி. ஏன் பச்சை என்று யாரும் விளக்கம் தருவதில்லை. மூலவரான எய்ச்சிரோ ஓடா கூடவே இருந்தார். தாம் நிறைவடையும்வரை தொடர் வெளிவராது என்று ரசிகர்களுக்கு எழுதியும் இருந்தார். இந்தத் தொடரைத் தயாரித்த டுமாரோ ஸ்டூடியோஸ்தான் ‘கௌபாய் பிபாப்’பையும் தயாரித்தது. ஆகவே ஹாலிவுட் என்றாலே கெடுக்கும் என்பதும் பொருந்தாது. அதே கம்பெனி, அதே நெட்ஃபிளிக்ஸ், வேறு விளைவு.

இப்போது நெட்ஃபிளிக்ஸின் ‘டெத் நோட்’டை (2017) அருகில் வைத்துப் பார்க்க. மூலத்தின் மாணவன் லைட் யாகமி, மரண தேவன் ரியூக்கைக் கண்டதும் ஒரு கணம் திடுக்கிட்டு நாற்காலியிலிருந்து விழுகிறான். அடுத்த கணம் எழுந்து நிதானமாகக் கேள்வி கேட்கத் தொடங்குகிறான். அந்த நிதானம்தான் நமக்குக் குலைநடுக்கம். படத்தில் அவனுக்கு ஈடான சியாட்டில் நகரத்து லைட் டர்னர், அதே ரியூக்கைக் கண்டு கிறீச்சென்று விடாமல் அலறுகிறான். அரங்கு சிரிக்கிறது. அந்த அலறல் பாத்திரத்தின் அலறல் அன்று. மரண தேவனும் மாணவனும் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசுவதை நம் மக்கள் நம்பமாட்டார்களே என்ற தயாரிப்பாளரின் அலறல்.

ஆக, ரசிகர் அளப்பது முடியின் நீளத்தை அன்று. எடுத்தவருக்கு மூலத்தைக் கண்டு வெட்கம் இருந்ததா என்பதை. உசோப்பின் மூக்கைக் குறைத்ததை மன்னித்தார்கள்; நத்தை போனைக் கண்டு கூசாதவர்கள் செய்தது அது. ‘கோஸ்ட் இன் தி ஷெல்’ காட்சிகளைப் படியெடுத்தது. ‘நான் என்பது எது’ என்ற மூலத்தின் கேள்வியைக் கண்டு கூசி, தொலைந்த நினைவைத் தேடும் கதையாக அதை மாற்றிக்கொண்டது. ‘ஸ்பீட் ரேசர்’ சிறிதும் வெட்கப்படவில்லை; அன்று வெட்கப்பட்டவர் பார்வையாளர். ஆண்டுகள் கழித்து அந்தப் படத்துக்குத் தனி ரசிகர் கூட்டமே சேர்ந்திருக்கிறது. ‘டிராகன்பால் எவல்யூஷன்’ எழுதிய பென் ராம்ஸி 2016இல் ரசிகர்களிடம் மன்னிப்புக் கேட்டார். ரசிகனாக அல்லாமல் பெரிய சம்பளத்துக்காக எழுதியதை ஒப்புக்கொண்டார். டோரியாமாவோ அந்தப் படத்தின் மேலிருந்த ஆற்றாமையும் ஒரு காரணமாக, மீண்டும் பேனா பிடித்து 2013இன் ‘பேட்டில் ஆஃப் காட்ஸ்’ அனிமேக்குக் கதை தந்தார். மோசமான படமும் இப்படி ஒரு நன்மை செய்யும்.

7. முடிவுரை

இவ்வாய்வின் பயனைத் தயாரிப்பாளருக்கு ஒரே வரியில் சொல்லலாம்: பச்சை முடியைக் கண்டு கூசுகிறவர் உரிமையை வாங்க வேண்டாம். ஆனால் ஒரு வரியில் எழுதினால் பட்டம் கொடுக்கமாட்டார்கள். ஆகவே மேற்கண்டவாறு விரித்து எழுதலாயிற்று.