பல்பத்துக்கு மாற்று

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கிரானைட்டை வெட்டிக் கப்பலேற்றுகிறார்கள். யாரும் கடித்துப் பார்ப்பதில்லை. சிலேட்டுப் பல்பத்துக்கு அந்த மரியாதை கிடையாது. சிலேட்டு வீட்டைவிட்டுப் போன பிறகும் பல்பம் விற்கிறது. இணையக் கடைகளில் தின்பதற்கென்றே கிடைக்கிறது, ருசியைப் பற்றிய விமர்சனங்களோடு.

பல்பம் தின்பவர் பச்சரிசி மெல்பவரை இளக்காரமாகப் பார்ப்பார். பச்சரிசிக்காரர் திருநீற்றை அள்ளிப் போடுபவரை.

சத்தான மாற்று சொல்ல ஆளுக்கா பஞ்சம்? வறுகடலை என்பார்கள், எள்ளுருண்டை என்பார்கள், ராகி பிஸ்கட் என்பார்கள். தளிப் பக்கம் விளைகிற கேழ்வரகு அத்திப்பள்ளியைத் தாண்டிப் பெங்களூர் போய், பளபளப்பான டப்பாவில் 'சிறுதானியம்' என்ற பட்டத்தோடு ஓசூருக்கே திரும்பினால்தான் நமக்கு மதிப்பு. களியாகத் தின்ற தாத்தாவுக்கு அந்தப் பட்டம் தெரியாது. நூறு கிராமில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம், நல்லதுதான்.

ஆனால் பல்பம் தின்னும் இந்த நமைச்சலுக்கு மருத்துவர்கள் முதலில் சந்தேகிப்பது இரும்புச்சத்துக் குறையை. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயதுத் தமிழகப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. ஓசூரோ அசோக் லேலண்ட் லாரியும் டிவிஎஸ் வண்டியும் செய்கிற ஊர். இரும்பெல்லாம் வண்டிக்கே போய்விடுகிறது போலும். குறையைச் சரிசெய்ததும் பலருக்குப் பல்ப ஆசை தானாக விட்டுப்போகிறது. இரும்புச்சத்து மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். அதனால்தானோ என்னவோ, எந்த ரீல்ஸிலும் அது வருவதில்லை. டீயோடு மட்டும் விழுங்கக்கூடாதாம், இரும்பு உடம்பில் சரியாகச் சேராதாம். ஷிஃப்ட் முடிந்து வருகிறவரிடம் இதை யார் சொல்வது?