நுரை கட்டும் நேரம்

கேள்வி: போனைத் தட்டினால் சாப்பாடு வாசலுக்கே வந்துவிடுகிறது. இன்னும் எதற்கு அடுப்படியில் நின்று வேக வேண்டும்?

பதில்: சாப்பாடு வரும், தாளிக்கிற வாசனை வருமா? ஒரு நாள் ரசம் வைத்துப் பாருங்கள். புளியின் பச்சை வாசனை போனதும் பருப்புத் தண்ணீர் விட்டால், ஓரத்தில் மஞ்சளாய் நுரை கட்டும். அது பொங்கி மேலே வரும்போதே இறக்கிவிட வேண்டும். தளதளவென்று கொதித்தால் மணம் போச்சு! அந்த நொடிக்காகக் காத்திருக்கையில் கண் நுரையில், காது கடுகில், மூக்கு பெருங்காயத்தில். நேற்றைய சண்டையும் நாளைய தவணையும் நுழைய இடமேது? ஐம்புலன்களை அடக்கு என்பார்கள் முனிவர்கள். அடுப்படியோ வேலை கொடுத்தே அவற்றை அடக்கிவிடுகிறது.

குறுந்தொகையின் 167-ஆம் பாடலில், தயிர் பிசைந்த விரலும் புகை பட்ட கண்ணுமாக ஓர் இளம் மனைவி குழம்பு வைக்கிறாள். கணவன் ரசித்துச் சாப்பிட, அவள் முகம் மெல்ல மலர்கிறது. அந்த மலர்ச்சி எந்தப் பொட்டலத்திலும் வராது. ஆணோ பெண்ணோ, கரண்டி பிடித்த கைக்கு மட்டுமே கிடைக்கும் கூலி அது.