கேக்குதோ சேர்?

இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் 1980இல் தொடங்கிய காலத்தில் தொலைக்கல்வி என்றால் கையில் ஒரு கட்டுப் புத்தகம். வாங்கியவர் தனியே படித்தார், தனியே குழம்பினார். 2020இல் கொரோனா வந்து எல்லாரையும் சூமில் ஏற்றிய பிறகுதான் சேர்ந்து குழம்பும் வசதி கிடைத்தது. நான் எங்கே டிப்ளோமா படிக்கிறேன் என்று சொல்லமாட்டேன். இன்னும் பெறுபேறு வரவில்லை.

நான் நயினாதீவு. வகுப்பில் ஊர்காவற்றுறை, வவுனியா, ஹற்றன் என்று எல்லா இடத்து ஆசிரியர்களும் உண்டு. "ஒரு குடும்பமாய்ப் பழகுங்கோ" என்று விரிவுரையாளர் முதல்நாளே சொல்லி, அறிமுகத்துக்கு ஆளுக்கு ஒரு நிமிடம் தந்தார். பாதி நிமிடம் "கேக்குதோ சேர்?" மீதி, "மைக்கை ஓன் பண்ணுங்கோ." கமராவை ஒருவரும் திறக்கவில்லை.

குடும்பம் உண்டானது வகுப்பு முடிந்த பிறகு. "எல்லாருக்கும் விளங்கினதோ?" என்றால் "ஓம் சேர்" என்று ஒரே குரல். அடுத்த நிமிடமே, சேர் இல்லாத வாட்ஸ்அப் குழுவில், "என்னவாம் சொன்னவர்?" பதில் தெரிந்தவர் ஒருவருமில்லை என்று தெரிந்ததும் சொந்தக்காரராகிவிட்டோம்.

நெடுந்தீவில் படிப்பிக்கும் அண்ணை, வெள்ளிக்கிழமை வகுப்பைக் குமுதினிப் படகில் இருந்தே கேட்பார். குறிகட்டுவான் இறங்குதுறைக்கு ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். இயந்திர இரைச்சலுக்காக ஸ்பீக்கரில் விடுவார், முழுப் படகும் பியாஜே படிக்கும். குழந்தையின் அறிவு எந்த வயதில் எப்படி வளரும் என்று சேர் விளக்கிக்கொண்டிருக்க, கருவாட்டுப் பொதியோடு இருந்த ஆச்சி இடையில் புகுந்தா: "உது பெடியளுக்குச் சரி தம்பி. பெட்டையள் அதுக்கு முந்தியே விளங்கிக்கொள்ளுவினம்."

"நல்ல கருத்து," என்றார் சேர். "ஆர் கதைச்சது? பதிவிலக்கத்தைச் சொல்லுங்கோ."

நாகபூசணி அம்மன் தேருக்கு எல்லாரும் நயினாதீவு வந்தார்கள். முகம் தெரியாத நாங்கள் இறங்குதுறையில் குரலை வைத்தே ஆளைப் பிடித்தோம். அமுதசுரபி மண்டபத்தில் அன்னதானம் சாப்பிட்டு ஆறுதலாய்க் கதைத்துக்கொண்டிருந்தபோது ஹற்றன் ரீச்சருக்கு ஞாபகம் வந்தது: ஒப்படைக்கு இன்று நள்ளிரவு கடைசி. அதற்குள் கடைசிப் படகும் போய்விட்டது.

எங்கள் விறாந்தையில், ஒரே ஹொட்ஸ்பொட்டில், அம்மாவின் பிளேன்ரீயைக் குடித்துக்கொண்டு, ஒருவருக்கொருவர் விளங்கப்படுத்தி, சண்டைபிடித்து, அவரவர் விடையை எழுதி அனுப்பினோம். தலைப்பு, மனிதன் பிறரோடு சேர்ந்தே கற்கிறான் என்ற வைகோட்ஸ்கியின் கோட்பாடு.

திருத்தி வந்த என் ஒப்படையின் அடியில் குறிப்பு: "கோட்பாடு நன்று. நேரடி அனுபவம் இல்லாதது குறை."