மாப்ள வீட்டுத் தோட்டத்துக்கு மாமன் யோசனை

வாங்க மாப்ள, உக்காரு. அக்கா மகன்னு பாத்தா ‘டா’ போடணும். மகளக் கட்டிக் குடுத்தவன்னு பாத்தா ‘ங்க’ போடணும். எனக்கு ரெண்டும் கலந்துதான் வரும், கண்டுக்காதீங்க.

வாசலுக்கு முன்னால பைன் மரம் வைக்கவா, பவுண்டன் கிராஸ் வைக்கவான்னு கேட்டு வந்திருக்க. பிளாட்டு நாலு சென்ட். வீடு மூணு சென்டத் தின்னுருச்சு, காருக்கு அரை சென்டு போச்சு. மிச்ச அரை சென்டுக்கு மாமன்கிட்ட யோசனை கேக்க வந்த பாரு, அந்த மரியாதை யாருக்கு வரும்? பிளாட்டு வாங்கயில கேக்கல, லோன் போடயில கேக்கல. போகட்டும், புல்லுக்காவது கேட்டியே.

என்னக் கேட்டா மரத்தையே வையி. தாராளமா வையி. கொடைக்கானல்ல பைன் காட்டுக்குள்ள நீங்க ரெண்டு பேரும் நின்ன போட்டோவ என் மக எனக்கும் அனுப்பிவிட்டா. அம்சமாத்தான் இருந்துச்சு. ஆனா அது ஏழாயிரம் அடி உசரம், மத்தியானத்துலயே ஸ்வெட்டர் கேக்கும். நம்ம வத்தலக்குண்டுல சித்திரை மாசம் தார் ரோட்டுல செருப்பு ஒட்டுது. மேல நிக்கிறதுல பெரும்பாலும் மெக்சிகோ மலையிலருந்து வந்த சாதி. இங்க கொண்டாந்து நட்டா ஒரு கோடை தாங்காது. நர்சரிக்காரன் கெட்டிக்காரன், அதான் அத உன் கண்ணுல காட்டவே இல்ல. அவன் காட்டுனது கிறிஸ்துமஸ் மரம், அரக்கேரியா. அது குடும்பமே வேற. ஊசி இலையும் அடுக்கடுக்கான கொப்பும் இருந்துட்டா நீங்க பைன்னு நம்பிருவீங்கன்னு அவனுக்குத் தெரியும்.

நம்புனது நீ மட்டும் இல்ல, அதுக்காக வெக்கப்படாத. வெவசாயக் கல்லூரியில படிக்கிறாள்ல உன் கொழுந்தியா, அவ சொன்ன கதை இது. 1774ல கேப்டன் குக்குன்னு ஒரு வெள்ளைக்காரன் பசிபிக் கடல்ல நார்போக் தீவுல இந்த மரத்தப் பாத்திருக்கான். நேரா நெட்டுக்குத்தா நிக்கிதே, கப்பலுக்குப் பாய்மரக் கம்பம் ஆகும்னு எழுதி வச்சுட்டுப் போயிட்டான். அந்த எழுத்த நம்பி 1788ல அந்தத் தீவுல ஆளுகளக் குடியேத்துனாங்க. அதுக்குப் பெறகு வெட்டிப் பாத்தா, கம்பத்துக்கு வேண்டிய உறுதி மரத்துல இல்ல. ஒரு ராஜாங்கமே நெட்டையப் பாத்து ஏமாந்திருக்கு. நீ ஏமாந்தா என்ன குறைஞ்சுரப் போகுது?

அந்த மரம் அது பொறந்த ஊர்ல நூத்தம்பது அடிக்கு மேல போகும். உன் வாசலுக்கு மேல கரண்டுக் கம்பி இருவது அடியில போகுது. மின்வாரியத்து ஆளு ஏணியோட வருவாரு, நுனிய நறுக்குவாரு. வேம்பு, புங்கம்னா நறுக்குனா நாலாப் பக்கமும் தழைச்சுக்கிரும். இதுக்கு அந்தப் பழக்கம் இல்ல, நுனி போனா அழகு போச்சு. பக்கக் கொப்ப ஒடிச்சு நட்டுப் பாத்தாலும் அது மேல போகாம படுத்தவாக்குலதான் வளருமாம்.

இன்னொரு விசயம் இருக்கு, அது உனக்கு இனிக்கும். நார்போக் பைன்னு சொல்லி விக்கிறதுல பல இடத்துல அதோட ஒரம்பரை குக் பைன் கலந்து வந்துருதாம். அந்தக் குக் பைன் நேரா நிக்காது. எந்த ஊர்ல நட்டாலும் பூமத்திய ரேகை இருக்குற பக்கமாச் சாயும். 2017ல அஞ்சு கண்டத்துல 256 மரத்த அளந்து பாத்திருக்காங்க, சராசரியா எட்டரை டிகிரி சாய்வு. நமக்கு ரேகை தெக்க. உனக்குத் தெக்க யாரு வீடு? உன் பெரியப்பா மகன் வீடு. மூணடிச் சந்துக்காக நீ தாலுகா ஆபீசுக்கு நடந்த நடைக்கு, இனி நீ வாயத் தொறக்கவே வேண்டாம், மரமே சுவத்தத் தாண்டி அவன எட்டிப் பாக்கும். ஒரே ஒரு குறை: ரேகைக்கு எட்டப் போகப் போகத்தான் சாய்வு கூடுமாம். நாம கிட்டத்துல இருக்கோம், அதனால ரொம்பச் சாயாது. உங்களுக்கு வருத்தமாத்தான் இருக்கும்.

புல்லுக்கு வருவோம். கம்பிளிப்பூச்சி கணக்கா தோகை தொங்குது, காத்துல ஆடுது, ரிசார்ட்டுல பாத்தேன்னு சொல்ற. ஆடட்டும். அந்தப் பவுண்டன் கிராஸ் யாருன்னு தெரியுமா? நம்ம காட்டு வரப்புல கொழுக்கட்டைப் புல்லு கெடக்குல்ல, உங்க அத்தை ஆட்டுக்கு அறுத்துப் போடுறது, அதுக்குப் பங்காளி. செடிக்குச் சாதி பிரிக்கிறவங்க ரெண்டையும் செங்க்ரஸ்னு ஒரே வகையறாவுல சேத்துட்டாங்க, கூடவே கம்பையும். அப்ப உங்க அப்பத்தா இடிச்சுக் கஞ்சி காச்சுன கம்பு, என் ஆடு மேயிற கொழுக்கட்டை, நீ தொட்டிக்கு இத்தனைன்னு ரூவா எண்ணி வாங்கப் போற பவுண்டன், மூணும் ஒரு வீட்டுப் பிள்ளைக. இதுல காசு கேக்குறது கடைசிப் பிள்ளை மட்டுந்தான்.

அந்தப் பிள்ளைக்குச் சேட்டையும் உண்டு. பச்சை ரகத்து விதை காத்துல பறந்து கண்ட எடத்துல மொளைக்கும். ஹவாய்த் தீவுல எரிமலைக் கொழம்பு காஞ்ச பாறை மேலயே ஏறிருச்சு. காஞ்சா தீப்பிடிக்கும், எரிஞ்ச எடத்துல மத்த செடியெல்லாம் யோசிச்சுக்கிட்டு நிக்கயில இது முந்தி வந்துரும். ஐரோப்பாவுல 2017ல வளக்கவே கூடாதுன்னு தடைப் பட்டியல்ல போட்டுட்டாங்க. நம்ம கொழுக்கட்டை மட்டும் யோக்கியம்னு நெனைக்காத. மாட்டுத் தீவனம்னு ஆஸ்திரேலியாவுக்குக் கூட்டிட்டுப் போனாங்க, அங்க பாலைவனத்துல இதே வேலையத்தான் பண்ணிக்கிட்டு இருக்கு. சொந்த ஊர்ல ஆடு கடிச்சு அடக்கி வைக்கும், அசலூர்ல கேக்க நாதியில்ல.

புல்ல இம்புட்டுத் திட்டுறானே, மாமன் மரத்துக் கட்சியோன்னு பாக்காத. உசக்க மலையில இந்த வழக்கு எப்பவோ நடந்து முடிஞ்சிருச்சு. பழனி மலை மேல முன்ன பரந்து கெடந்தது சோலையும் புல்லுந்தான். புல்லு நிக்கிற எடம் சும்மா கெடக்குற எடம்னு நெனைச்சு யூக்கலிப்டஸ், வாட்டில், பைன்னு வரிசையா நட்டாங்க. 1973லருந்து 2014 வரைக்கும் செயற்கைக்கோள் படத்த வச்சுக் கணக்குப் பாத்தா, புல்வெளியில நூத்துக்கு 66 பங்கு போயிருச்சு. நட்ட தோப்பு பன்னெண்டு மடங்குக்கு மேல பெருகிருச்சு. நீங்க போட்டோ எடுத்தீங்களே, அங்க கீழ ஒரு பச்சைப் புல்லு பாத்தீங்களா? ஊசிச் சருகுதான் மெத்தையாக் கெடந்திருக்கும். மழைத் தண்ணியப் பிடிச்சு வச்சு ஓடைக்கு விட்டது அந்தப் புல்லு. அது போட்டோவுல வராது, அதனால அதுக்காகப் பேச ஆளும் வரல.

அதனால என்ன பண்றேன்னா... முகத்த அப்படி வச்சுக்காத, சொல்லிர்றேன். மரத்துக்கு நீ அட்வான்ஸ் குடுத்துட்டன்னு என் மக காதுல போட்டுட்டா. அந்தக் காசு திரும்பாது. தொட்டியோடயே வச்சுக்க, தரையில எறக்காத. தொட்டிக்குள்ள வேரு அடங்கிக் கெடந்தா ஆறேழு அடியில பல வருசம் நிக்கும். வெயில் உச்சியில ஏறயில நெழல்ல தள்ளி வையி, மார்கழியில பேரன் நட்சத்திரம் கட்டிக்கிரட்டும். புல்லும் வேணும்னா பச்சை வாங்காத, செவப்பு ரகம் வாங்கு. அது விதை கட்டுறது ரொம்பக் குறைச்சல், தூரப் பிரிச்சுத்தான் பெருக்கணும். நல்ல வெயில் படுற எடமாப் பாத்து மூணு தூரு போதும். தண்ணிய அதுக்கு ஊத்திக் கெடுக்காத. வருசத்துக்கு ஒருக்க முழங்காலுக்குக் கீழ அறுத்து விட்டா மறுபடி புதுசா வரும்.

அறுக்கப் போற அன்னிக்கு எனக்கு ஒரு போன் போடு. முத்த விடாம, இளசா இருக்கயிலயே அறுக்கணும். சாக்குல அமுக்கி, வர்ற வண்டியில ஏத்தி விட்ரு. பங்காளிப் புல்லத் தின்ன என் ஆடு, ரிசார்ட்டுப் புல்ல மூந்தாவது பாக்குதான்னு தெரிஞ்சுக்கிறேன்.