பேர் வச்ச கோழியும் ஊரிலிருந்து வந்த அத்தையும்

மாப்ள, மொதல்ல அந்த நாயைக் கட்டு. "ஒண்ணும் பண்ணாது மாமா, மோந்துதான் பாக்கும்"னு சொல்லாத. மோந்து பாத்துட்டு என்னா முடிவு எடுக்கும்னு அதுக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. மதுராந்தகத்துல பஸ் ஏறி வந்த மனுஷன் வேட்டியைத் தூக்கிப் பிடிச்சிக்கிட்டு கேட்டுலயே நிக்கிறன். "பயப்படாதீங்க, பயந்தா அதுக்குத் தெரிஞ்சிடும்"னு நீ வேற சொல்ற. தெரிஞ்சா தெரியட்டுமே. பயத்தை மறைக்கிற வயசா எனக்கு?

சரி, உள்ள வந்தாச்சு. சோபாவுல பூனை தூங்குது, எழுப்பக்கூடாதுன்னு எனக்கு பிளாஸ்டிக் சேர் போட்டிருக்க. நல்ல மரியாதை. குறை சொல்றன்னு நெனைக்காத. காலம் பூரா மாட்டாஸ்பத்திரியில ஊசி போடும்போது காலைப் பிடிச்சவன் நான். எந்த ஜீவனுக்கு எந்த எடம்னு எனக்குத் தெரியும். சோபா பூனைக்குத்தான்.

இப்ப கோழிக்கு வர்றன். தாம்பரம் சண்முகம் ரோட்டுப் பக்கம் போனப்ப கறிக்கடை வாசல்ல கூண்டுல இருந்த மூணு வெள்ளைக் கோழியைப் பாத்து மனசு தாங்காம காசு குடுத்து மீட்டுக்கிட்டு வந்திருக்க. கடைக்காரன் அன்னைக்கே அந்த எடத்துல வேற மூணை வச்சிருப்பான், அது அவன் தொழில். ஆனா இந்த மூணுக்கு அது பெரிய வித்தியாசம்தான். அதனால நான் வாயை மூடிக்கறன். மாடம்பாக்கம் தேனுபுரீஸ்வரர் கோயில்ல பசுவுக்கு மோட்சம் கெடச்சதுன்னு தலபுராணம் சொல்லுது. கோயிலுக்கு ரெண்டு தெரு தள்ளி உன் வீட்டுப் பின்கட்டுல மூணு கோழிக்குக் கெடச்சிருக்கு. அதையும் எழுதி வைக்கட்டும்.

ஆனா உங்க அத்தை கண்ணை நீ கவனிக்கல. வந்ததும் நேரா பின்கட்டுக்குப் போனா. உன் பொண்ணு "பாட்டி, இவ லட்டு, இவ எல்சா, இவ சின்னப்பொண்ணு"ன்னு ஒவ்வொண்ணா காட்டுது. அத்தையும் "அப்படியாடி கண்ணு"ன்னு தலையை ஆட்டுறா. தலைதான் ஆடுது. மனசு ஒண்ணரை ஒண்ணரை கிலோன்னு எடை போட்டு, முத்தின கோழியாச்சே, எட்டு விசில் விடணும்னு இஞ்சி பூண்டு கணக்குல எறங்கிடுச்சு. முப்பது வருஷத்துக்கு மேல பாத்த மூஞ்சி மாப்ள, எனக்குத் தெரியாதா?

அதனால மொத யோசனை இது. வீட்டுக்கு ஒறவுக்காரங்க வந்தா, காபி குடுக்கிறதுக்கு முன்னாடி கோழிங்களோட பேரைச் சொல்லிடு. பேர் சொல்லாத வரைக்கும் அது குழம்பு. பேர் சொல்லிட்டா அது குடும்பம், ரேஷன் கார்டுல மட்டும்தான் இருக்காது. ஊர்ல நாங்க கோழிக்குப் பேர் வைக்காததுக்குக் காரணம் கற்பனை இல்லாததுன்னு நெனச்சியா? பசுவுக்கு வச்சோம், காளைக்கு வச்சோம். கோழியை "கொண்டைக்காரி", "கழுத்து மொட்டை"ன்னு அடையாளத்துக்குக் கூப்பிட்டோம், அதோட நிறுத்திக்கிட்டோம். மாமியார் வீட்டுலேர்ந்து ஆள் வரப்போவுதுன்னா பஞ்சாரத்தைத் தூக்கணும். அந்த நேரத்துல பேர் ஞாபகம் வரக்கூடாது.

உன் கோழிங்களைப் பத்திக் கொஞ்சம் கேட்டுக்க. அது நாமக்கல் பண்ணை மாதிரி ஒரு எடத்துல கம்பிக் கூண்டுல இருந்த முட்டைக்கோழி. ஒரு கோழிக்கு அங்க கெடைக்கிற தரை, உன் பொண்ணு படம் வரையிற காகிதம் ஒரு தாள் அகலம். றெக்கையை விரிக்க முடியாது. மண்ணு எப்படி இருக்கும்னே தெரியாது. அதான் நீ கொண்டாந்து மண்ணுல விட்டதும் மூணும் அசையாம நின்னுச்சு. "மாமா, நோயா?"ன்னு போன்ல கேட்ட. நோயில்ல, ஆச்சரியம். கொஞ்ச நாள்ல காலால கிளறும். அப்புறம் மத்தியானத்துல புழுதியைப் பறிச்சி அதுல பொரண்டு படுக்கும். செத்துக் கிடக்குதுன்னு ஓடி வராத, அது குளிக்குது. மூக்கு நுனியை வெட்டியிருப்பாங்க, அதனால இறைச்ச தானியத்தைச் சரியாப் பொறுக்காது. தட்டுல ஆழமா வை. கிளிஞ்சலை நொறுக்கித் தனியா வை, ஏன்னா ஒடம்புல இருந்த சுண்ணாம்பெல்லாம் ஓடா மாறி யாரோட தோசைக்கல்லுலயோ போய்ச் சேந்துடுச்சு. காட்டுக்கோழி வருஷத்துக்குப் பத்துப் பதினஞ்சு முட்டை வைக்கும். இது 300க்கு மேல. அடை படுக்கிற புத்தியையும் இனப்பெருக்கத்துலயே எடுத்துட்டாங்க. அடையில உக்காந்த கோழி முட்டை வைக்காதே, முதலாளிக்கு நட்டம்.

இப்படிக் கூண்டுல அடைக்கிறது தப்புன்னு சட்டம் இருக்குதான்னு கேட்ட. இருக்குது. திருவான்மியூர் கலாக்ஷேத்ரா ருக்மிணி தேவி அருண்டேல் இருந்தாங்களே, அவங்க 1952ல ராஜ்யசபாவுக்கு நியமன உறுப்பினரா போய் விடாம பேசினதுல வந்ததுதான் 1960 மிருகவதைத் தடுப்புச் சட்டம். அசைய எடமில்லாத கூண்டுல அடைச்சாக் குற்றம்னு அதுலயே இருக்குது. மொதத் தடவைக்கு அபராதம் ரூ.10லேர்ந்து ரூ.50 வரைக்கும். அம்பது ரூபாய்க்கு இன்னைக்கு ஒரு டஜன் முட்டை வராது மாப்ள. 2017ல சட்ட ஆணையம் தன்னோட 269வது அறிக்கையில முட்டைக்கோழிக் கூண்டைப் பத்தித் தனியாவே எழுதிக் குடுத்துச்சு. ஐரோப்பாவுல அந்தக் கூண்டை 2012லயே மூட்டை கட்டிட்டாங்க. இங்க அறிக்கை வந்தும் கோழி இன்னும் கூண்டுலதான் இருக்குது.

எடுத்த இந்த மூணோட நிறுத்து. நாலாவது ஒண்ணு கொண்டாந்தா அடிதடி வரும். நார்வே நாட்டுல ஷெல்டெருப் எப்பேன்னு ஒருத்தர், சின்ன வயசுலேர்ந்து கோழியையே பாத்துக்கிட்டு இருந்தவர், 1921 வாக்குல அதை எழுதி டாக்டர் பட்டமே வாங்கினார். கோழிக் கூட்டத்துல யாரு யாரைக் கொத்தலாம்னு ஒரு வரிசை இருக்குதாம். மேல இருக்கிறது எல்லாத்தையும் கொத்தும், கடைசியில இருக்கிறது எல்லார்கிட்டயும் கொத்து வாங்கும். இதுக்கு நார்வே வரைக்கும் போவணுமா? உன் கல்யாணத்துல மொதப் பந்தியில யாரு உக்காருறதுன்னு உங்க பெரியப்பாவும் உன் மாமனாரும் எல சுருங்கிற வரைக்கும் நின்னாங்களே, அப்ப ஒரு நோட்டுப் புத்தகத்தோட வந்திருந்தா எனக்கும் பட்டம் குடுத்திருப்பாங்க. அப்படியும் புதுக்கோழி வந்தா நடுவுல கம்பிவலை கட்டிப் பக்கத்துல வை. ஒரு வாரம் ஒண்ணையொண்ணு பாக்கட்டும். அப்புறம் ராத்திரி இருட்டுல உள்ள விடு. உன் பொண்டாட்டி பாப்பா நம்ம வீட்டுக்கு வந்த புதுசுல இந்த மாதிரி ஒரு வலை கட்டியிருந்தா எங்க அக்காவும் அதுவும் அந்த ஆடி மாசத்தைச் சண்டையில்லாம தாண்டியிருக்கும். சரி, அந்தப் பேச்சு வேணாம், பாப்பா காபி கொண்டாருது.

இன்னொண்ணு. கோயில் திருவிழாவுல சைக்கிள் கூடையில பச்சையும் ரோஸுமா கோழிக்குஞ்சு விப்பான். உன் பொண்ணு அழும். நீ வாங்கிடுவ, உன் கொணம் எனக்குத் தெரியும். அதெல்லாம் முட்டைக்கோழிப் பண்ணைக்காரன் கழிச்சுக் கட்டின ஆண் குஞ்சுங்க. முட்டையும் வைக்காது, கறிக்கும் சதை பிடிக்காது, அதான் சாயத்துல முக்கித் தெருவுக்கு வருது. பல்பு போட்டுச் சூடு குடுக்கலன்னா பாதி பொழைக்காது. பொழைச்சா இன்னும் தொந்தரவு. புது றெக்கை மொளைச்சிச் சாயம் போயிடும், உன் பொண்ணு "என் ரோஸ் குஞ்சு எங்க?"ன்னு ஒரு அழுகை. அப்புறம் கொண்டை வரும், குரல் வரும். பக்கத்து அடுக்குமாடி சங்கத்துச் செயலாளருக்கும் குரல் வரும்.

விடியறதைப் பாத்துத்தான் சேவல் கூவும், கூண்டுல துணி போட்டு மூடிட்டா சத்தமிருக்காதுன்னு சொல்லாத. ஜப்பான்ல நகோயா பல்கலைக்கழகத்துல 2013ல பாத்திருக்காங்க. வெளிச்சமே மாறாத அறையில அடைச்சாலும் அதுக்கு உள்ளயே ஒரு கடியாரம் ஓடுது, நேரத்துக்குக் கூவிடுது. அப்புறம் 2015ல இன்னொண்ணும் கண்டுபிடிச்சாங்க. ரெண்டு மூணு சேவல் இருந்தா வரிசையில மேல இருக்கிறது கூவின பிறகுதான் மத்தது வாயைத் திறக்குமாம். இந்த வீட்டுல அந்த ஒழுங்கு சேவலுக்காவது இருக்கட்டும். மாடம்பாக்கம் பேரூராட்சியா இருந்த வரைக்கும் சேவல் கூவினா அது காலை. 2021ல தாம்பரம் மாநகராட்சியில சேந்த பிறகு அது புகார்.

சின்னச் சின்னது ரெண்டு மூணு சொல்லிடறன். பிப்ரவரியில கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் போடுவாங்க, மாட்டாஸ்பத்திரியில கேளு. அந்த வெள்ளைக்கழிச்சலுக்கும் மருந்து செய்யற நிலையம் ஒண்ணு ராணிப்பேட்டையில 1932லேர்ந்து இருக்குது. ஊசிக்கு வெக்கப்பட்டுக்கிட்டு மஞ்சத்தண்ணி தெளிச்சிட்டு உக்காராத. கூண்டுக்கு அடியில உமி போடு. ராத்திரி கூண்டை நல்லாச் சாத்து, கீரி வரும், மரநாய் வரும், பெருச்சாளி வரும். வண்டலூர் காடு பக்கத்துலதான இருக்குது, அதுங்க கேட்டட் கம்யூனிட்டின்னு போர்டு படிக்காது. ஐப்பசி பொறந்தா கூண்டை மாடிக்கு ஏத்து. 2015 டிசம்பர்ல முடிச்சூர், வரதராஜபுரத்துல படகு விட்டதை மறந்துட்டியா?

குலதெய்வம் கோயிலுக்குக் கோழி நேந்திருக்கிறதா எங்க அக்கா சொல்லுது. அதுக்கு உன் மூணுல ஒண்ணைக் கேக்கும், பாத்துக்க. 1950லயே கோயில்ல ஆடு கோழி பலி குடுக்கக்கூடாதுன்னு ஒரு சட்டம் இருந்துச்சு. யாருக்கும் தெரியாது. 2003ல அதைத் தூசி தட்டி எடுத்து அமல்படுத்தினாங்க. எங்க ஊர்ல பூசாரி ஒரு பக்கம் முறைச்சாரு, கோழிங்க ஒரு பக்கம் நிம்மதியா மேஞ்சுது. 2004ல சட்டத்தையே எடுத்துட்டாங்க. அந்தச் சில மாசம்தான் கோழிக்குச் சட்டப்படி சொதந்திரம். அக்கா கேட்டா "முட்டைக்கோழி சாமிக்கு ஆகாது, நாட்டுக்கோழிதான் ஏத்துக்கும்"னு சொல்லிடு. உண்மையான்னு கேக்காத. சாமி மறுத்துப் பேசாது.

முட்டை நின்ன பிறகு என்னா பண்றதுன்னு பாப்பா கேட்டுச்சு. நல்ல கேள்வி. பண்ணையில 72 வாரம், 80 வாரம் ஆனா கணக்கு முடிச்சிடுவாங்க. நாட்டுக்கோழி ஆறேழு வருஷம் இருக்கும். இதுங்க இருந்த இருப்புக்கு அவ்வளவு தாங்குமான்னு சொல்ல முடியாது. ஆனா முட்டை வைக்காம, றெக்கையைச் சிலுப்பிக்கிட்டு, தின்னுட்டுத் தின்னுட்டு நெழல்ல உக்காந்திருக்கிற காலம் கட்டாயம் வரும். அப்ப வச்சிருந்தாத்தான் வளக்கிறது. என்னைப் பாக்காத மாப்ள. எனக்கு பென்ஷன் வருது.

இப்ப நீ இதுவரைக்கும் யோசிக்காத ஒரு லாபத்தைச் சொல்றன். கோழி வளக்கிறதுல முட்டையை விடப் பெரிசு, சாக்கு. முன்னெல்லாம் விசேஷத்துக்குப் போவாம இருக்க "பையனுக்குப் பரீட்சை"ம்போம், "மழை"ம்போம். "பாப்பா ஊருக்குப் போவணும்னா கோயம்பேடு வரைக்கும் போயிச் சாவணுமே"ன்னு நீயே எத்தினி வருஷம் திருநெல்வேலிப் பயணத்தைத் தள்ளிப் போட்ட? 2023 டிசம்பர்ல கிளாம்பாக்கத்துல பஸ் ஸ்டாண்டைத் திறந்து உன் சாக்கை இடிச்சிட்டாங்க, பாவம். அதான் கோழி வாங்கிட்டியோன்னு எனக்கு ஒரு சந்தேகம். "வரணும்னுதான் ஆசை அத்தை, கோழியைப் பாத்துக்க ஆளில்ல." எவ்வளவு அடக்கமான பொய்! காது குத்துக்கு இது போதும். புதுமனை புகுவிழாவுக்கு நாயையும் சேத்துக்க. சாவுக்கு மட்டும் சொல்லாத, போயிடு. பொண்டாட்டி வீட்டுப் பொங்கலுக்கும் சொல்லாத, அங்க செல்லுபடியாவாது. பாப்பா மூஞ்சியை இப்பத்தான் பாத்தன்.

அதனால இந்தப் பொங்கலுக்கு நீங்க எல்லாரும் திருநெல்வேலிக்குக் கிளம்புங்க. நானும் உங்க அத்தையும் இங்க வந்து இருந்துக்கறோம். நாய்க்குச் சோறு வைக்கிறன், தூரத்துலேர்ந்து. பூனைக்கு சோபாவை விட்டுடறன். சாயந்திரமானா கோழியைக் கூண்டுல அடைச்சிடறன். போறதுக்கு முன்னாடி உன் பொண்ணை விட்டு மூணையும் எண்ணச் சொல்லு. நிக்க வச்சி போட்டோவும் புடிச்சிக்க. எனக்கு ஒண்ணியும் இல்ல, கொழுப்பு ஏறிக்கிச்சுன்னு டாக்டர் கறியையே நிறுத்திட்டாரு. உங்க அத்தையை நெனச்சாத்தான். வயசாவுது பாரு, அவளுக்குப் பேரெல்லாம் மறந்து மறந்து போவுது.