கல்லடுக்கு வந்ததும் இடப்பக்கம்

தாம்பரம் பக்கத்துச் செம்பாக்கத்துக்காரர் ஒருவர் ஐம்பத்தோராவது வயதில் கியர் சைக்கிள் வாங்கினார். டாக்டர் சொன்னது நடைப்பயிற்சி. ஆனால் தெருவில் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தவர்கள் எல்லாம் தாத்தாக்கள். அந்த வரிசையில் சேர மனம் வராமல், எருமைக் கழுத்து கனத்தில் டயர் போட்ட மலை சைக்கிளாகப் பார்த்து வாங்கிவிட்டார். அமெரிக்காவிலிருந்து லீவில் வந்த மச்சினன் சும்மா இருக்காமல் ஒரு புத்தகத்தைக் கையில் திணித்தான். யூட்டா மாநிலத்தில் மோவாப் என்ற ஊரைச் சுற்றியுள்ள பாலைவனத்திலும் பள்ளத்தாக்குகளிலும் சைக்கிள் ஓட்டுவதற்கான வழிகாட்டி.

“இது எனக்கு எதுக்குடா?”

“படிச்சுப் பாருங்க மாமா, ஒரு இன்ஸ்பிரேஷன்.”

படித்தார். மோவாப் 1950-களில் யுரேனியத்துக்காகக் குடைந்த பூமி. லாரி போவதற்குப் போட்ட மண்பாதைகளில் பல இன்று சைக்கிள் பாதைகள். அங்கே பேர்போன ஸ்லிக்ராக் பாதையை 1969-இல் மோட்டார் சைக்கிளுக்காகத்தான் குறித்தார்கள். சைக்கிள்காரர்கள் பிறகு வந்து சேர்ந்தார்கள். சுமார் 17 கிலோமீட்டர், பெரும்பாலும் வெறும் மணற்பாறை. லாடம் கட்டிய குதிரை வழுக்கியதால் வழுக்குப்பாறை என்று பேர். ரப்பர் டயரோ பல்லிபோல் ஒட்டிக்கொள்ளும். மண்ணே இல்லாத இடத்தில் பாதை ஏது? பாறைமேல் வெள்ளைப் பெயிண்டில் கோடு கோடாகப் போட்டிருப்பார்கள், அதைப் பிடித்துக்கொண்டே போகவேண்டியதுதான்.

‘நம்ம பக்கமும் அப்படித்தானே’ என்று அவருக்குத் தோன்றியது. முழுக்கத் தப்பில்லை. அங்கே யுரேனியம், இங்கே ஜல்லி. நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்ததே சரளை தோண்டிய குழியில்தான். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற வெள்ளைக்காரருக்கு வைத்த கல்லறைக் கல்லும் இந்தப் பக்கத்துக் கருங்கல் வகைதான் என்று கண்ட தாமஸ் ஹாலண்ட், 1893-இல் அதற்குச் சார்னோகைட் என்று பேர் வைத்தார். ஊர் ஊராகக் கல் கொடுத்தது பல்லாவரம். பேர் தட்டிக்கொண்டு போனது கல்லுக்கு அடியில் படுத்திருந்தவர். கல் போன இடத்தில் மிஞ்சியவை செங்குத்துச் சுவர்களும் அடியில் பச்சைத் தண்ணீரும். 2017 வறட்சியில் மாங்காடு பக்கம் சிக்கராயபுரத்துக் கல்குவாரித் தண்ணீரைச் சுத்திகரித்துச் சென்னைக்குக் குடிக்கக் கொடுத்தார்கள். எந்த ஊர்ப் பள்ளத்தாக்கு குழாயில் வந்திருக்கிறது?

ஆக, மோவாப் விதிகளோடு தாம்பரம் வட்டாரத்தைச் சுற்றுவது என்று முடிவாயிற்று.

முதல் விதி, ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு லிட்டர் தண்ணீர். நாலு பாட்டில்களைக் கட்டிக்கொண்டு, வழியில் ஆறு டீக்கடைகளையும் இரண்டு இளநீர் வண்டிகளையும் தாண்டிப் போனார். மூன்றாவது வாரம் ஒரு இளநீர்க்காரர், “சார், தண்ணி கேன் போடுறீங்களா? எங்க கடைக்கும் ஒண்ணு போடுங்க” என்றார்.

வறண்ட ஓடையை நம்பாதே, எங்கோ பெய்யும் மழை இங்கே வெள்ளமாக வரும் என்றது இன்னொரு விதி. இதைப் படித்து அவர் சிரிக்கவில்லை. 2015 டிசம்பரில் அடையாறு முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வீடு புகுந்ததைப் பார்த்தவர் அவர். திருநீர்மலையைத் தண்ணீர் சூழ்ந்துகொள்ள, பெருமாளைச் சேவிக்க வந்த திருமங்கையாழ்வார் வடியும்வரை ஆறு மாதம் காத்திருந்தார் என்பது தலபுராணம். மோவாப்காரர்கள் ஒரு பத்தியில் எழுதியதைத்தான் நம்மவர்கள் கோயிலாகக் கட்டி வைத்திருக்கிறார்கள்.

சிக்கல் கல்லடுக்கில் வந்தது. பாதை பிரியும் இடங்களில் சின்னக் கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும், அதைப் பார்த்துத் திரும்பு என்கிறது புத்தகம். ஒரு குன்றின் மேல் ஏறிப் பார்த்தால் நாலா பக்கமும் கல்லடுக்கு. நாற்பதாவது அடுக்கைச் சுற்றி வந்தபோது, பூப்பறித்துக்கொண்டிருந்த அம்மாள் பொறுக்கமாட்டாமல், “சொந்த வீடு இல்லையா தம்பி? நீயும் மூணு கல்லு அடுக்கிட்டுப் போ. அடுத்தவங்க வீட்டுல டயரை ஏத்தாதே” என்றார்.

பிறகு அவரே ஒரு வழிகாட்டி எழுத உட்கார்ந்தார். மீட்டர் பார்த்து நோட்டில் குறித்தது: ‘0.0 வீட்டு கேட். 0.4 மாடு படுத்திருக்கும், வலப்பக்கம். 1.1 பாதாளச் சாக்கடைப் பள்ளம், இறங்கித் தள்ளவும்.’ அடுத்த ஞாயிறு மாடு 0.7-க்கு நகர்ந்திருந்தது. பள்ளத்தை மூடிவிட்டு அதன் பக்கத்திலேயே புதிதாக ஒன்று தோண்டியிருந்தார்கள். பாறையில் போட்ட கோட்டை வருஷக்கணக்கில் நம்பலாம். செம்பாக்கத்துத் தெருவை ஒரு வாரம்கூட முடியாது. நன்மங்கலம் காப்புக்காடு மட்டும் நகராமல் இருக்கும் என்று போனார். அங்கே பழைய குவாரியில் கொம்பன் ஆந்தை குடியிருக்கிறது. உள்ளே போக வனத்துறை அனுமதி வேண்டும். ஆந்தைக்கு இருக்கும் நிம்மதியை வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுத் திரும்பினார்.

கடைசியில் வெள்ளைக் கோடும் கிடைத்தது. வண்டலூர் தாண்டி ஒரு மண்பாதையில், பாறைமேல் பளிச்சென்று வெள்ளை அம்புக்குறி. கொஞ்ச தூரத்தில் இன்னொன்று. மோவாபேதான் என்று முள்ளிலும் சரளையிலும் இரண்டு கிலோமீட்டர் மிதித்தார். முடிவில் ஷாமியானா, பிளாஸ்டிக் நாற்காலி, வரிசையாக நட்ட மனைக்கற்கள். கழுத்துப்பட்டை கட்டிய பையன் ஓடிவந்து ஜில்லென்று மோர் கொடுத்து, கையில் வரைபடத்தையும் கொடுத்தான். அதில் சாலை எல்லாம் நூல் பிடித்தமாதிரி நேர். ‘தாம்பரத்திலிருந்து 10 நிமிடம்.’

நம்மவர் சைக்கிள் மீட்டரைக் காட்டினார்: ஒரு மணி ஐம்பது நிமிடம்.

பையன் மீட்டரைப் பார்த்தான். சைக்கிளைச் சுற்றி வந்து நாலு பாட்டில்களையும் பார்த்தான். “வெயிட்டைக் குறைங்க சார்” என்றான்.