மெல்பர்ன் எலுமிச்சை

மெல்பர்னில் இருக்கும் என் மச்சான் மாதம் தவறாமல் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எலுமிச்சை மரத்தின் படம் போடுவார். மரம் அவர் வீட்டுக் கொல்லையில் நிற்கிறது. காய்த்தால் ஒரு படம், பழுத்தால் ஒரு படம், ஊறுகாய் போட்டால் ஜாடியோடு ஒரு படம். சிங்கப்பூரின் மார்சிலிங்கில் பதினோராவது மாடியில் எனக்கு வாய்த்த தோட்டம், தொட்டியில் ஒரு கறிவேப்பிலைச் செடி. அதுவும் வாசல் நடைபாதையில் இருப்பதால் பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டிக்குப் பாதி உரிமை உண்டு.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஜாடிப் படத்தைப் பார்த்த சூட்டில், "நாமளும் எங்கயாவது போய் செட்டில் ஆனா என்ன?" என்று மனைவியிடம் கேட்டேன்.

"முதல்ல ஈரச்சந்தைக்குப் போய் மீன் வாங்கிட்டு வாங்க," என்றாள்.

எனக்கு வயது 52. கணினித் துறையில் 27 வருட அனுபவம். இத்தனை அனுபவத்துக்கு உலகத்தில் மரியாதை இல்லாமலா போய்விடும் என்று அன்று இரவே மடிக்கணினியைத் திறந்தேன்.

ஆஸ்திரேலியாவில் திறன் அடிப்படையிலான விசாவுக்குக் குறைந்தது 65 புள்ளி வேண்டும். வயது 25 முதல் 32 வரை என்றால் அதில் 30 புள்ளி சும்மாவே கிடைக்கும். 33 ஆனால் 25. 40 ஆனால் 15. 45 ஆகிவிட்டாலோ விண்ணப்பமே போட முடியாது. 2017 ஜூலைக்கு முன்பு 50 வயதைத் தொடாதவர்களையும் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஜூலையில் எனக்கு 44. என்ன செய்துகொண்டிருந்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஒரு சோபா வாங்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். இன்னும் முடிவாகவில்லை.

கனடாக்காரர்கள் நாகரிகமானவர்கள், வராதே என்று சொல்வதில்லை. வயதுக்கு நேராகப் பூஜ்ஜியம் போட்டு, "மற்றதில் தேற்றிக்கொள்ளுங்கள்" என்கிறார்கள். தம்பதியாக விண்ணப்பித்தால் இருபதுகளில் இருப்பவருக்கு வயதுக்கு மட்டும் 100 புள்ளி. 44-இல் அது 5. 45-ஆவது பிறந்தநாள் கேக்கை வெட்டும்போது அந்த ஐந்தும் போய்விடும். என் மனைவிக்கு 44 நடந்துகொண்டிருந்தது. அதற்கப்புறம் ஒரு மாதம், தொலைக்காட்சியில் எது ஓட வேண்டும் என்பதை வீட்டில் அஞ்சு புள்ளி வைத்திருப்பவர்தான் தீர்மானித்தார்.

மற்றதில் தேற்றலாம் என்று படிப்புச் சான்றிதழ்களைத் தேடினேன். பிஸ்கட் டின்னில் கிடைத்தன. கரையான் கொஞ்சம் தயவு காட்டியிருந்தது. காட்டாமல் இருந்திருக்கலாம். மனைவி ஒவ்வொரு மார்க் ஷீட்டாகத் தட்டைப் போலத் துடைத்து அடுக்கிக்கொண்டே வந்தவள், மூன்றாவது செமஸ்டரில் நின்றாள்.

"இது என்ன, ரெண்டு அரியரா?"

"அப்ப எல்லாம் கேள்வித்தாள் கஷ்டம்."

"பொண்ணு பாக்க வந்தப்ப ஃபர்ஸ்ட் கிளாஸ்னு உங்க அம்மா சொன்னாங்களே?"

கனடா அரசாங்கம் என் பட்டத்தை மதிப்பிடுவதற்கு முன்பே, இருபது வருடம் தாமதமாக, என் வீட்டில் மதிப்பீடு முடிந்தது. மதிப்பீட்டு அறிக்கை ஐந்து வருடம் செல்லும், ஐஈஎல்டிஎஸ் மதிப்பெண் இரண்டு வருடம் செல்லும் என்கிறார்கள். அந்த இரண்டு அரியர் ஆயுள் முழுக்கச் செல்லும்.

நியூசிலாந்தில் 55 வரை அனுமதி. எனக்கு மூன்று வருடம் கைவசம் இருந்தது. ஆனால் அங்கீகாரம் பெற்ற முதலாளி ஒருவர் முதலில் வேலை தர வேண்டுமாம். காணொளி நேர்காணலில் தலை தெரியாமல் கேமராவை எப்படி வைப்பது என்று பார்த்ததோடு அந்த அத்தியாயம் நிறைவுற்றது.

சரி, சம்பளக்காரனாகப் போனால்தானே வயது கேட்கிறார்கள், தொழிலதிபராகப் போவோம் என்று தோன்றியது. ஆஸ்திரேலியாவில் தொழில்முனைவோருக்கான விசாவில் வயது வரம்பு 55. இட்லி மாவு ஏற்றுமதி என்று நான்கு பக்கத் திட்டம்கூட எழுதிவிட்டேன். "மாவு யாரு அரைக்கிறது?" என்ற கேள்விக்கு ஐந்தாம் பக்கத்தில் பதில் எழுதவிருந்தபோதுதான், அந்த விசாவை 2024 ஜூலையோடு மூடிவிட்டார்கள் என்று தெரிந்தது.

அந்தக் காலத்தில் இதெல்லாம் கிடையாது. 1819-இல் ராஃபிள்ஸோடு பினாங்கிலிருந்து கப்பலில் சிங்கப்பூரில் வந்து இறங்கிய நாராயண பிள்ளை, வந்த கையோடு செங்கல் சூளை போட்டார். துணிக்கடையும் வைத்தார், 1822-இல் அது தீயில் எரிந்து கடனாளியானார். ராஃபிள்ஸிடமே போய் நின்று, மறுபடி எழுந்து, சவுத் பிரிட்ஜ் ரோட்டில் மாரியம்மன் கோயிலும் எழுப்பினார். திவாலான தொழில்முனைவோருக்கு இன்று எந்தப் படிவத்தில் கட்டம் இருக்கிறது?

இந்த நேரம் பார்த்து மச்சானிடமிருந்து தனிச்செய்தி. "மாப்ள, புல்லு வெட்டியே முதுகு போச்சு. சிங்கப்பூர் பக்கம் வர வழியிருக்கா?"

எனக்கு உடம்பெல்லாம் இனித்தது. "உங்களுக்கு வயசு 46தானே மச்சான்?" என்று கேட்டுவிட்டு, மனிதவள அமைச்சின் கணக்கை எடுத்து வைத்தேன். எம்ப்ளாய்மென்ட் பாஸுக்கு 2025 ஜனவரி முதல் மாதம் 5,600 வெள்ளி சம்பளமாவது இருக்க வேண்டும், அது இளவட்டங்களுக்கு. வயது ஏற ஏற அந்தத் தொகையும் ஏறி, 45-ஐத் தொட்டால் 10,700 வெள்ளி. ஆஸ்திரேலியா வயதானவனை வேண்டாம் என்கிறது, சிங்கப்பூர் விலையை ஏற்றிவிடுகிறது. இதை விரிவாக எழுதி, ஆறுதலுக்கு ஒரு எலுமிச்சைப் பொம்மையும் போட்டு அனுப்பினேன்.

அனுப்பிய பிறகுதான் என் சம்பளச் சீட்டு ஞாபகம் வந்தது. அந்த 10,700-ஐ அது எட்டிப் பார்த்ததுகூட இல்லை. 1999-இல் ஒரு பெட்டியோடு வந்து, பாஸ் வாங்கி, நிரந்தரவாசியாகி, குடிமகனாகி, வீவக வீட்டுக் கடனும் கட்டி முடிக்கப் போகிற ஆள், இன்று புதிதாக வந்தால் மார்சிலிங் எம்ஆர்டி படிக்கட்டைக்கூடத் தாண்ட முடியாது.

மனைவியிடம் சொல்லவில்லை. அவளிடம் ஏற்கெனவே மார்க் ஷீட் இருக்கிறது.

கடைசியில் என் வயதுக்கு மரியாதை செய்யும் ஒரு நாட்டைக் கண்டுபிடித்தேன். மலேசியாவின் 'இரண்டாவது இல்லம்' திட்டத்தில், ஜொகூர் ஃபாரஸ்ட் சிட்டி போன்ற சிறப்பு மண்டலங்களுக்கு, 50 வயதுக்குக் கீழே 65,000 அமெரிக்க டாலர் வைப்புத்தொகை. 50 ஆகிவிட்டால் 32,000 போதும். சமையலறைக்கு ஓடினேன். ஜன்னலுக்கு வெளியே நீரிணைக்கு அப்பால் ஜொகூர் பாருவின் விளக்குகள்.

"எனக்குப் பாதி விலை!" என்றேன்.

"பழைய ஃபிரிட்ஜுக்குக் குடுப்பாங்களே, அந்த மாதிரியா?" என்று கரண்டியைத் திருப்பினாள். "கொல்லை உண்டா?"

"அடுக்குமாடி."

"எத்தனாவது மாடி?"

"உயரம்தான். பால்கனியில நின்னா கடலுக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூர் தெரியும்."

அவள் அடுப்பைக் குறைத்தாள். "அதைப் பாக்க முப்பத்திரண்டாயிரமா? லிஃப்ட்ல இறங்கிப் பாருங்க, காசு கேக்க மாட்டாங்க. போறப்ப ரெண்டு கொத்து கறிவேப்பிலை கிள்ளிக் குடுத்துட்டுப் போங்க."

வாசலுக்குப் போனேன். ஆன்ட்டி ஏற்கெனவே கிள்ளியிருந்தார்.